ஷெரீப் குதிரை ஏறினாரா?

மே 4, ஞாயிறு

இன்று முதல் இந்த வீட்டில் எனக்குப் பல பதவிகள். சொட்டு மருந்து இலாகா, தலையணை இலாகா, கொசு விரட்டும் இலாகா. சம்பளம் கிடையாது. நியமன ஆணையை அம்மா சமையலறையிலிருந்தே கத்தி வழங்கினாள்: "ப்ளஸ் ஒன் லீவுதான உனக்கு? நாள் முச்சூடும் அப்பாகூட இரு. அவரு தலையத் தூக்குனாருன்னா எனக்குப் போன் பண்ணு."

அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை கோயம்புத்தூரில் கண் ஆபரேஷன். இடது கண்ணுக்குள் விழித்திரை பழைய சினிமா போஸ்டர் மாதிரி உரிந்து தொங்கிவிட்டதாம். அப்பா பெயர் ரத்தினம். ரத்தினத்துக்கு ரெட்டினா பிரச்சினை. (இதைச் சொன்னதற்குக் கரண்டி வீசப்பட்டது. குறி தவறியது.) டாக்டர் அதைத் திரும்ப ஒட்டி, பிடித்துக்கொள்ள உள்ளே ஒரு வாயுக் குமிழியை விட்டிருக்கிறார். குமிழி எப்போதும் மேலே போகும். அதனால் முகம் தரையைப் பார்த்தால்தான் அது கண்ணின் பின்பக்கம் போய் அழுத்தும். ஆகவே இரண்டு வாரம் அப்பா குப்புறவே இருக்க வேண்டும். சாப்பாடு, தூக்கம், அம்மாவிடம் திட்டு வாங்குவது, எல்லாம் குப்புற.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். அப்பா மீசையில் மண் ஒட்டவில்லை. ரசம் ஒட்டுகிறது. ஸ்ட்ரா போட்டு ரசம் குடித்தால் அப்படித்தான்.

அம்மா பழைய சேலையைச் சுருட்டிக் குடம் சுமக்கிற சும்மாடு மாதிரி செய்து, கட்டில் விளிம்பில் வைத்திருக்கிறாள். அப்பா நெற்றியையும் தாடையையும் அதில் ஊன்றி, வட்டத்தின் நடுவே தரையைப் பார்க்கிறார். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலை ஏறி மைசூர் போகும் அரசு பஸ்ஸின் டிரைவர். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளையும் தூக்கத்தில் சொல்வார். இப்போது அவர் உலகம் ஒன்றரை டைல்ஸ்.

மே 5, திங்கள்

அம்மா பள்ளிக்கூடச் சத்துணவுக் கணக்கு முடிக்கப் போனதும் அப்பா தலையைத் தூக்கினார். காலையிலேயே மூன்று தடவை. "கழுத்து நோவுது அம்மிணி." "மணி என்ன பாத்தேன்." "வெளிய யாரோ கூப்புட்டாங்களாட்ட இருந்துச்சு."

யாரும் கூப்பிடவில்லை. சும்மா இருக்கத் தெரியாது அவருக்கு. டிவி போட்டேன், கேட்கவில்லை. பாட்டு போட்டேன், அதற்குக் காலால் ஆக்சிலேட்டர் மிதித்தார். கடைசியில் கேட்டார்: "அந்த டிரங்குப் பெட்டியத் தொறந்து, மேலாப்புல இருக்கறத எடுத்துப் படிச்சுக் காட்டறியா?"

அதில் இருப்பவை அப்பாவின் காமிக்ஸ்கள். என் பெயர் சித்திரகலா என்று இருப்பதற்கே அவைதான் காரணம். சித்திரக்கதையில் பாதியை எனக்கு வைத்துவிட்டு, தம்பி பிறந்தால் கதைவேல் என்று வைக்கக் காத்திருந்தாராம். பிறக்காத தம்பி அதிர்ஷ்டசாலி. வகுப்பில் எல்லோரும் என்னை "கலா ஆன்ட்டி" என்கிறார்கள்.

அவராகப் படிக்கக் கூடாது. நல்ல கண் வரி வரியாக ஓடினால் ஆபரேஷன் செய்த கண்ணும் கூடவே ஓடுமாம். எனவே நான் படித்தேன். மேலாப்பில் இருந்தது 'தொங்கு பாலத்தில் ஒரு துரோகி'. கதாநாயகன் ஷெரீப் கார்வின். வில்லன் ஒற்றைக்காது பெர்க். அமெரிக்கப் பாலைவனத்தில் பிறந்து வளர்ந்த குதிரைக்குப் பெயர் சண்டமாருதம்.

சண்டமாருதம்! மொழிபெயர்த்த புண்ணியவான் எந்த ஊரோ.

மே 6, செவ்வாய்

காமிக்ஸை வாய்விட்டுப் படிப்பதைப் போல ஒரு தொல்லை உலகத்தில் கிடையாது. நாவல் என்றால் வரியைப் பிடித்துக்கொண்டு போகலாம். இதில் பாதிக் கதை படத்தில் இருக்கிறது. "ஆ!", "அடேய்!", "டுமீல்!" என்று மட்டும் வாசித்தால் பைத்தியம் பிடித்த வீடு மாதிரி கேட்கிறது. எனவே ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து, யார் எங்கே நிற்கிறான், துப்பாக்கி எந்தக் கையில் என்று வர்ணிக்க வேண்டியிருக்கிறது.

இத்தனை நெருக்கத்தில் பார்த்ததில் எனக்கு வந்த எரிச்சல்களைப் பதிவு செய்கிறேன். கைத்துப்பாக்கி, நீளத் துப்பாக்கி, பீரங்கி எல்லாம் ஏன் ஒரே மாதிரி "டுமீல்" என்கின்றன? வில்லன் ஏன் சுடுவதற்கு முன் இரண்டு பக்கத்துக்குத் தன் திட்டத்தை ஒப்பிக்கிறான்? ஆற்றில் விழுந்து எழுந்தாலும் ஷெரீப்பின் தொப்பி மட்டும் ஏன் கழல்வதில்லை, ஆணி அடித்திருக்கிறார்களா? பெண்கள் கதைக்குள் வருவதே தூணில் கட்டிப்போடப்படுவதற்குத்தானா? அட்டையில் சிறுத்தை பாய்கிறது, உள்ளே பூனைகூட இல்லை. இது நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக வேண்டிய வழக்கு.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். "நீ படி அம்மிணி, தீர்ப்பு பொறவு" என்றார்.

கோபத்தில் வில்லனுக்கு அம்மாவின் வசனங்களைக் கொடுத்தேன். ஒற்றைக்காது பெர்க் துப்பாக்கியை நீட்டி, "அடுப்புல பாலை வச்சுட்டு எங்கடா போன?" என்று உறுமினான். கட்டில் குலுங்கியது. குமிழி ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன்.

ஒரு கட்டத்தில் மட்டும் மாட்டிக்கொண்டேன். எரிந்துபோன வீட்டின் முன் ஷெரீப். வசனமில்லை, சத்தமில்லை. "இதுல ஒண்ணுமில்லீங்ப்பா" என்று பக்கத்தைத் திருப்பினேன்.

"ஒண்ணுமில்லாத கட்டத்துக்குக் கூலி குடுத்து எவன் வரைவான்? திருப்பிப் பாரு."

பார்த்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார் ஷெரீப். புத்தகம் முழுக்க அந்த ஒரு கட்டத்தில்தான் தொப்பி கழன்றிருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். நல்ல கட்டம்.

மே 7, புதன்

கதை முடிந்தது. அதாவது முடியவில்லை. தொங்கு பாலத்தின் நடுவே ஷெரீப், முனையில் கயிற்றை அறுக்கும் பெர்க், கீழே ஆறு. "பரபரப்பான இரண்டாம் பாகம் அடுத்த மாதம்!" என்று போட்டிருக்கிறது.

"ரெண்டாம் பாகம் எங்கீங்ப்பா?"

"வரவே இல்ல. அத்தோட புஸ்தகம் நின்னுபோச்சு. அப்ப எனக்கு உன்ற வயசு. மாசாமாசம் கடைக்குப் போயி நிப்பேன். கடைக்காரரு என்னயப் பாத்தாலே கையை ஆட்டிப்போடுவாரு."

ஒரு மனிதன் பாலத்தின் நடுவே முப்பது வருஷத்துக்கு மேல் தொங்குகிறான். எழுதினவனை, வரைந்தவனை, அச்சடித்தவனை எல்லாம் அதே பாலத்தில் நிறுத்த வேண்டும்.

சாயங்காலம் தங்கராசு மாமா போன் செய்தார். அப்பாவின் பஸ்ஸில் கண்டக்டர், பதினெட்டு வருஷமாக ஜோடி. போன் ஸ்பீக்கரில் இருந்ததால் நான் ஒட்டுக் கேட்டேன் என்று சொல்ல முடியாது. அப்பா கேட்டார்: "டிப்போல என்ன பேசிக்கறாங்க? வண்டி ஓட்டாத லைட் டூட்டி போட்ருவாங்களாமா?" மாமா பேச்சை மாற்றி, "நீங்க வந்து வண்டிய எடுங்ண்ணா, புது டிரைவரு ஆறாவது வளைவுல அழுவறான்" என்றார்.

அதற்குப் பிறகு அப்பா ராத்திரிச் சாப்பாடு வேண்டாமென்று சொல்லிவிட்டார். எழுந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா கத்தியும் படுக்கவில்லை. "படுத்தா மட்டும் என்ன ஆவப்போவுது" என்றார்.

மே 8, வியாழன்

காலையில் அறிவித்தேன்: "ஹாஜிராவோட பெரியப்பா பழைய பேப்பர் கடைல ரெண்டாம் பாகம் கெடச்சிருச்சுங்ப்பா!"

அப்பா அப்படியே குப்புறப் படுத்துவிட்டார். சொல்லாமலேயே.

ஹாஜிரா என் தோழி. அவள் பெரியப்பாவுக்குப் பழைய பேப்பர் கடை இருப்பது உண்மை. இந்த வாக்கியத்தில் அதுவரைதான் உண்மை.

ஃபேன் காற்று படும் இடம் ஒன்றே ஒன்றுதான். கட்டிலின் தலைமாட்டில், தரையில். அங்கே சப்பணமிட்டு உட்கார்ந்து, ப்ளஸ் ஒன் வேதியியல் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டேன். பக்கம் திருப்பும் சத்தம் வேண்டுமே. தொண்டையைச் செருமி, "ஷெரீப் கார்வின் துப்பறியும்... தொங்கு பாலத்தில் ஒரு துரோகி, பாகம் இரண்டு" என்றேன்.

"ஆண்டவா" என்றார் அப்பா சும்மாட்டுக்குள்ளிருந்து.

எப்படிக் காப்பாற்றுவது என்று யோசிக்கவே இல்லை. கழுகு வந்து தூக்குவது, எதிர்பாராமல் நண்பன் வருவது, "எல்லாம் கனவு" இவையெல்லாம் என் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றங்கள். அதிலும் கனவு முடிவுக்கு ஜாமீன் கிடையாது. ஆகவே கயிறு அறுந்தது, ஷெரீப் விழுந்தார், ஆறு அடித்துக்கொண்டு போனது, கரையில் ஒரு மூலிகை வைத்தியக்காரி தூக்கிப் போட்டாள். உயிர் இருக்கிறது. ஆனால் அடி பட்டிருக்கிறது.

எங்கே? காலில் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கண்ணில் என்று வந்துவிட்டது. இந்த வாய்க்குத் தாழ்ப்பாள் போட வேண்டும்.

அப்பா சும்மாட்டை நகர்த்தி வைத்துக்கொண்டார். பிறகு, "எந்தக் கண்ணு?"

"எடது."

"ம். படி."

மே 9, வெள்ளி

கதை ஓடும்வரை தலை நிமிர்வதில்லை. கதை நின்றால் தலை நிமிர்கிறது. எனவே சொட்டு மருந்து, கதை, சாப்பாடு, கதை, சொட்டு மருந்து, கதை. தொண்டை கட்டிவிட்டது. எழுத்தாளர்கள் ஏன் எப்போதும் சிடுசிடுவென்று இருக்கிறார்கள் என்று இப்போது புரிகிறது.

நடுவில் அப்பா, "பக்கத்தத் திருப்பு அம்மிணி, நெம்ப நேரமா ஒரே பக்கத்துல நிக்கற" என்றார். என்ன காது! சட்டென்று திருப்பினேன்.

"இந்தப் பாகம் தடிமனா இருக்குமாட்ட இருக்குது" என்றும் சொன்னார்.

"ஸ்பெஷல் இதழுங்ப்பா."

"அச்சுப் பொடியா இருக்குமே?"

"ஆமாங்ப்பா. கண்ணு வலிக்குது."

"வலிக்காதா பின்ன" என்றார்.

மே 10, சனி

இன்று அவர் கேட்டது ஒரே கேள்வி. வைத்தியக்காரியின் குடிசைக்கு வெளியே சண்டமாருதம் வந்து நின்றுவிட்டது என்று நான் வாசித்தபோது கேட்டார்.

"ஏறுவாரா?"

"என்னதுங்ப்பா?"

"ஷெரீப்பு. ஒத்தக் கண்ணோட. குதிரை ஏறுவாரா?"

எனக்கு எப்படித் தெரியும்? நானே அந்தப் பக்கத்துக்கு இன்னும் வரவில்லை. "படிச்சாத்தான் தெரியும்" என்று சொல்லி, பால் பொங்குவதாகப் பொய் சொல்லி எழுந்துகொண்டேன்.

மே 11, ஞாயிறு

தங்கராசு மாமா ஹார்லிக்ஸோடு வந்தார். கதை நடந்துகொண்டிருந்தது. சட்டென்று வேதியியலைத் தாவணிக்குள் மறைத்து மனப்பாடமாகச் சொல்வதுபோல் தொடர்ந்தேன். மாமா ஹார்லிக்ஸைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றபடி கேட்டார். ஷெரீப் வைத்தியக்காரியிடம், "கோப்பையை எடுக்கக் கை நீட்டினால் காற்றைப் பிடிக்கிறேன்" என்று சொல்கிற இடம்.

மாமா கர்ச்சீப்பை எடுத்துவிட்டார். "பொம்மைப் புஸ்தகம்னு நெனச்சேன், கண்ணு. இப்படி எழுதியிருக்கான்?" வாசலில் செருப்பு மாட்டும்போது மெதுவாக என்னிடம் கேட்டார்: "கடைசில அந்தாளு குதிரை ஏறிருவாருல்ல?"

எல்லோருக்கும் இதே கேள்வி. வில்லன் ஒருத்தன் இருக்கிறானே, அவனைப் பற்றி யாராவது கேட்கிறார்களா?

மே 12, திங்கள்

விபரீதம். மாமா ஊர் முழுக்க டிக்கெட் கிழித்துவிட்டார்.

அப்பா இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்குப் பெயர் 'டுமீல் தோழர்கள்'. பழைய காமிக்ஸ் சேர்க்கும் அங்கிள்கள் தொண்ணூறு பேர். மறுபதிப்பில் தாள் வெள்ளையாக இருக்கிறது, பழுப்புத் தாள் வாசனை எங்கே என்று விசும்புவார்கள். கலர் போட்டால் கறுப்பு வெள்ளை கேட்பார்கள், கறுப்பு வெள்ளை போட்டால் கலர். அதில் மாமாவும் இருக்கிறார். எழுதியிருக்கிறார்: "ரத்தினண்ணன் வீட்ல தொங்கு பாலம் ரெண்டாம் பாகம் இருக்கு. என் காதால கேட்டேன்." கீழே, அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட கதைச் சுருக்கம் வேறு.

நூற்று நாற்பது பதில்கள். "அட்டை போட்டோ ப்ளீஸ்." "உண்மையா?? கை நடுங்குது." சேலம் சந்தானகிருஷ்ணன் என்று ஒருவர் மட்டும் நிதானமாக: "ஞாயிறு நேரில் வருகிறேன். தொட்டுப் பார்த்தால் போதும்."

மே 13, செவ்வாய்

வாசிக்கவில்லை. தொண்டை வலி. (பொய். கதை தீர்ந்துவிட்டது.)

மே 14, புதன்

நேற்று கதை இல்லாததால் அப்பா இரண்டு முறை எழுந்து நடந்தார். அம்மாவுக்கும் அவருக்கும் சண்டை. அம்மா சத்தம்போட்டுவிட்டுக் கொல்லையில் போய்த் துணி துவைத்தாள். துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள்.

எனவே இன்று கதை உண்டு. ஷெரீப் தினமும் காலையில் குதிரை அருகே போகிறார். சேணத்திலிருந்து தொங்கும் அங்கவடியில் கால் வைக்கப் பார்க்கிறார். தூரம் தெரியவில்லை. கால் பக்கத்தில் விழுகிறது. குதிரை பொறுமையாக நிற்கிறது. இதையே நான்கு பக்கத்துக்கு இழுத்தேன். ஒரு விஷயத்தைச் சொல்லப் பயந்தால் எழுத்தாளர்கள் இப்படித்தான் வர்ணித்துத் தள்ளுவார்கள் என்று நான் முன்பு கிண்டல் செய்திருக்கிறேன்.

"ஒற்றைக்காது பெர்க் என்ன ஆனான்?" என்றார் அப்பா.

அடக் கடவுளே. அவன் கத்தியோடு இன்னும் பாலத்து முனையில் நிற்கிறான்!

"பயந்து ஓடிட்டானுங்ப்பா."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல. அவனுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கும்."

மே 17, சனி

நாளை சேலத்து அங்கிள். நாளை மறுநாள் ஆஸ்பத்திரி. எதற்குப் பயப்படுவது என்று ஒரு வரிசை போட்டுக்கொடுத்தால் நன்றாக இருக்கும். நான் எதற்கும் பயப்படவில்லை. பொதுவாகச் சொன்னேன்.

மே 18, ஞாயிறு

சந்தானகிருஷ்ணன் அங்கிள் மல்கோவா மாம்பழப் பையோடு வந்தார். மெலிந்த மனிதர், சட்டைப்பையில் நான்கு பேனா. கட்டிலுக்கு அருகே தரையில் குனிந்து, "ரத்தினம், நல்லா இருக்கீங்களா?" என்று அப்பாவின் முகத்தைக் கீழிருந்து பார்த்து வணக்கம் சொன்னார். அந்தக் குனிதலுக்காகவே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதனால் இன்னும் எரிச்சல்.

"எங்கேம்மா அந்தப் பொக்கிஷம்?"

"ஹாஜிரா பெரியப்பா திருப்பி வாங்கிட்டாருங்க அங்கிள். கோயம்புத்தூர்க்காரரு யாருக்கோ குடுத்துட்டாராம்."

அழுவார் என்று நினைத்தேன். அவர் தொடையில் தட்டிக்கொண்டு, "பரவால்லம்மா. நான் அப்பவே படிச்சிருக்கேன்" என்றார்.

"எதை?"

"ரெண்டாம் பாகத்தைத்தான். எங்க மாமா கடைல ஒரே ஒரு காப்பி வந்துச்சு. ஆத்துல விழுவாரு, வைத்தியக்காரம்மா காப்பாத்துவா, கண்ணு போயிரும். தங்கராசு சார் குரூப்ல போட்டதும் அப்படியே கண்ணு முன்னாடி வந்துச்சு!"

என் கதையை, பத்து நாளைக்கு முன் ஃபேனுக்கு அடியில் நான் பெற்ற கதையை, இவர் டவுசர் போட்ட வயதில் படித்தாராம்! பொய் சொல்கிற முகமும் இல்லை. சத்தியமாக நம்புகிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பொறி வைத்தேன்.

"அப்ப அந்த நரி ஞாபகம் இருக்குதுங்களா அங்கிள்?"

என் கதையில் நரியே கிடையாது.

"நரி!" அவர் கண்கள் பளபளத்தன. "மறக்க முடியுமா? அட்டைப்படமே நரிதானேம்மா! ஊளையிடும், பின்னாடி நிலா!"

கட்டில் கிடுகிடுவென்று ஆடியது. சும்மாட்டுக்குள்ளிருந்து பிரஷர் குக்கர் மாதிரி ஒரு சத்தம். அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். "ஏனுங்க, குலுங்காதீங்க! குமிழி! குமிழி!"

"இருமல்" என்றார் அப்பா.

அங்கிள் கிளம்பும்போது நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனாலும் கேட்டேன். "முடிவு என்னங்க அங்கிள்?"

"குதிரை ஏறிருவாரும்மா. சூரியன் மறையுது, புழுதி பறக்குது. ஏறாம எப்படி? ஷெரீப்பாச்சே."

சாயங்காலம் முழுக்க யோசித்தேன். ஒற்றைக் கண்காரனைக் கடைசிப் பக்கத்தில் குதிரையில் ஏற்றிச் சூரியனுக்குள் அனுப்புவது கனவு முடிவைவிட மட்டம். நானே பிடித்து உள்ளே போட வேண்டிய குற்றம்.

ஏற்றிவிடப் போகிறேன். எவன் கேட்பது?

மே 19, திங்கள்

கோயம்புத்தூர். அம்மா மருந்துக்கடை வரிசையில். நான் அப்பாவின் செருப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே. டாக்டர் அறையிலிருந்து அப்பா வந்தார். "ஒட்டிக்கிச்சு. இனி நிமிந்துக்கலாமாம்." அம்மா அங்கேயே பண்ணாரி அம்மன் இருக்கும் திசையைத் தோராயமாகக் கணித்துக் கும்பிட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் டிரைவர் அப்பாவுக்குத் தெரிந்தவர். "வாங்ண்ணா, முன்னாடி வாங்க" என்றார். பஸ்ஸில் பயணியாகப் போனாலும் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து தானும் பிரேக் போடுவார் அப்பா. இன்று, "காத்து வேணும்" என்று கடைசிக்கு முந்தின சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். எல்லா சீட்டிலும்தான் காற்று வந்தது.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கன்னத்தில் சும்மாட்டின் வளையம் அச்சுப் பதிந்திருந்தது. அம்மா ரசம் தாளிக்கப் போனாள்.

"முடிவு பாக்கி இருக்குதில்ல. படி அம்மிணி."

பழக்கத்தில் தரையில் அதே இடத்தில் உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் விரித்தேன். நன்றாகவே வாசித்தேன். செம்மண் வானம். ஷெரீப் மூச்சை இழுத்துப் பிடித்து அங்கவடியில் கால் வைக்கிறார். இந்த முறை கால் சரியாக விழுகிறது. ஒரே தாவல். சண்டமாருதம் கனைக்கிறது. தடக் தடக் தடக். முற்றும்.

"அப்பாடா!" என்றாள் அம்மா அடுப்பிலிருந்து. இத்தனை நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அப்பா கன்னத்து வளையத்தைத் தடவிக்கொண்டார். பிறகு, "கடைசிக் கட்டத்த இன்னொருக்கா பாரு" என்றார்.

"பாத்துட்டேனுங்ப்பா. ஏறிட்டாரு."

"நல்லாப் பாரு. அந்த அறுகோணம் போட்டிருக்குதில்ல, அதுக்குக் கீழ."

குனிந்து பார்த்தேன். பென்சீன் வளையம். ஆறு மூலையும் என்னையே பார்த்தன. காதெல்லாம் சூடானது. தலைமாட்டில், தரையில், அவர் முகத்துக்கு நேர் கீழே. ஒன்றரை டைல்ஸில் முதல் நாளிலிருந்து விரிந்து கிடந்தது என் மடி.

"குதிரை தனியா நிக்குது" என்றார் அப்பா. "அவரு பக்கத்துல நிக்கறாரு. ஏறல. ஏறப்படாதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு."

என் கதையில் டாக்டரே கிடையாது.

அடுப்பில் கரண்டிச் சத்தம் நின்றது. அம்மா வந்து நிலைப்படியில் நின்றாள். "என்னுங்க சொன்னாரு?"

"கண்ணு பொழச்சுக்கிச்சு. தூரத்த அளக்காதாம். டிப்போல வேற வேலை குடுப்பாங்க" என்றார். என் பக்கம் திரும்பாமல், "நீ படி அம்மிணி. பக்கத்துல நின்னுக்கிட்டு என்ன பண்றாரு?"

புத்தகத்தை மூடியிருக்கலாம். மூடவில்லை. அறுகோணத்துக்குக் கீழேயே பார்த்தேன்.

"சேணத்தக் கழட்டறாருங்ப்பா."

"பொறவு?"

"குதிரை கழுத்துல கைய வச்சுக்கிட்டு நிக்கறாரு."

"தொப்பி?"

"கைல இருக்குது."

"சத்தம் ஏதாச்சும் போட்டிருக்குதா?"

"இல்லீங்ப்பா. சத்தமில்லாத கட்டம்."

"ம்" என்றார். "நல்லா வரஞ்சிருக்கான்."

ரசம் தீய்ந்துவிட்டது. யாரும் யாரையும் திட்டவில்லை.

மே 25, ஞாயிறு

சத்தி பஸ் ஸ்டாண்டில் நேரக் காப்பாளர் அறையில் அடுத்த மாதம் சேரச் சொல்லியிருக்கிறார்கள். வண்டி தாமதமானால் டிரைவர்களைக் கேள்வி கேட்கும் வேலை. தங்கராசு மாமா, "இனி நாந்தான் உங்ககிட்டத் திட்டு வாங்கோணுமா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். போகும்போது அப்பாவின் தோளைப் பிடித்தார், ரொம்ப நேரம் விடவில்லை.

டுமீல் தோழர்கள் இரண்டாக உடைந்துவிட்டது. இல்லாத புத்தகத்தின் முடிவுக்காகச் சண்டை. ஷெரீப் ஏறவில்லை என்று ஒரு கட்சி, ஏறினார் என்று சேலத்து அங்கிள் தலைமையில் ஐம்பது பேர். அவர்களில் நான்கு பேர் தாங்களும் அதைப் படித்திருப்பதாகச் சத்தியம் செய்கிறார்கள். ஒருவர் விலைகூடச் சொல்கிறார். இந்த ரசிகர்களை வைத்துக்கொண்டு எந்த எழுத்தாளன் உருப்படுவான்? உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம் என்று அப்பாவின் போனை எடுக்கப் போனேன்.

அப்பா தரவில்லை. போனை மூக்குக்கு அருகே பிடித்து, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, அரைமணி நேரமாக எதையோ தட்டிக்கொண்டிருந்தார். அனுப்பின பிறகுதான் காட்டினார்.

"ஷெரீப் ஏறவில்லை. குதிரைக்குப் பக்கத்தில் நின்றார். என் மகள் படித்தாள். நான் ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். இதில் பேச்சுக்கே இடமில்லை."

அதற்குக் கீழே இன்னொரு வரி: "ஆனால் சந்தானம் சொல்வதுபோல் நரி இருந்தது."

"என்னுங்ப்பா இது? நரிக்கு நான் எங்க போவேன்?"

"அது உன்ற பாடு அம்மிணி" என்றார் அப்பா. "போயி நோட்ட எடு. இந்தத் தடவ படம் போட்டே காட்டிப்போடு."